டோரண்ட் மெதுவாக இறங்குகிறதா? முதலில் அப்லோடுக்கு அளவு வையுங்கள்

மன்னார்குடியில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பழைய கம்ப்யூட்டர்களுக்கு உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களைப் போட்டுக் கொடுத்து வருகிறேன். ஒருநாள் சாயங்காலம் 7 மணி இருக்கும். பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் லேப்டாப்போடு வந்து நின்றான். "அண்ணே, காலையில லேப் இருக்கு. உபுண்டு 24.04 போட்டே ஆகணும்" என்றான். அதை நிறுவத் தேவையான ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 6 ஜிபி. உபுண்டு தளத்திலேயே அதற்கு டோரண்ட் கோப்பும் தருகிறார்கள். ஒரே இடத்திலிருந்து இல்லாமல், கோப்பை வைத்திருக்கும் பலரிடமிருந்து துண்டு துண்டாக வாங்குவதுதான் டோரண்ட். அதை இறக்கும் மென்பொருளான க்யூபிட்டோரண்டில் போட்டேன். நொடிக்கு 90 கிலோபைட்டுக்கு மேல் ஏறவில்லை.

கணக்குப் பார்த்தால் 18 மணி நேரம். முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு கொடுப்பவர்கள், அதாவது சீடர்கள், நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். என் இணைப்போ 40 எம்பிபிஎஸ். உள்ளே மகளின் ஆன்லைன் வகுப்பும் விட்டு விட்டு வந்தது. வகுப்பும் தடுமாறுகிறது என்றால் கோளாறு சீடர்களிடம் இல்லை, என் வீட்டுக்குள்தான் என்று புரிந்தது.

முதலில் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. மென்பொருள் காட்டுவது பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 40 எம்பிபிஎஸ் இணைப்பில் உச்ச வேகமே நொடிக்கு 5 மெகாபைட்தான். 4 அல்லது நாலரை வந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் எந்த செட்டிங்கும் தராது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். க்யூபிட்டோரண்டில் டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் திறந்து, ஸ்பீட் பகுதிக்குப் போங்கள். அப்லோடு கட்டத்தில் 0 அல்லது எல்லையில்லை என்ற குறி இருக்கும். கட்டுப்பாடே இல்லை என்று பொருள். என் கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருந்தது. முன்பே இறக்கிய டெபியன், லிப்ரேஆஃபிஸ் கோப்புகளை நான் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவை அப்லோடு பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தன.

அப்லோடு அடைத்தால் டவுன்லோடு ஏன் படுக்க வேண்டும்? இணையத்தில் தரவு அனுப்பும் டிசிபி முறையில், அந்தப் பக்கத்திலிருந்து வரும் தரவுக்கு "வந்து சேர்ந்தது" என்று நம் கம்ப்யூட்டர் பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் போனால்தான் அடுத்த தரவு வரும். அந்தப் பதில்கள் போவது அப்லோடு பாதையில். பாதை நிரம்பி வழிந்தால் பதில்கள் ரவுட்டரில் வரிசையில் காத்துக் கிடக்கும். பதில் வராததால் அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துவிடுவார். மகளின் வகுப்பு தடுமாறியதும் இதே வரிசையில் மாட்டிக்கொண்டுதான்.

சரி, எவ்வளவு வைப்பது? டோரண்டை நிறுத்திவிட்டு, வேகம் பார்க்கும் தளம் ஏதாவது ஒன்றில் அப்லோடு வேகத்தை அளந்து பாருங்கள். எனக்கு 10 எம்பிபிஎஸ் வந்தது. எட்டால் வகுத்தால் நொடிக்கு 1250 கிலோபைட். அதில் 80 சதவீதம் 1000. அந்த 1000-ஐத்தான் கட்டத்தில் போட்டேன். டவுன்லோடு கட்டத்தைத் தொடவில்லை. ஓகே கொடுத்து ஒரு நிமிடம் ஆகவில்லை, 90-ல் நின்ற எண் 2 மெகாபைட்டைத் தாண்டியது. அப்லோடை ஒரேயடியாக 5, 10 என்று இறுக்கிவிடாதீர்கள். கொடுப்பவருக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் பிட்டோரண்டின் அடிப்படை. கோப்பை இன்னும் இறக்கிக்கொண்டிருப்பவர்கள், தங்களுக்குத் துண்டுகள் தருகிறவர்களுக்கே முதலில் தருவார்கள். சீடர்கள் குறைவான டோரண்டில் கஞ்சத்தனம் செய்தால் நமக்கும் வராது.

2 மெகாபைட் வந்தும் எனக்குப் போதவில்லை. அடுத்துப் பார்த்தது கனெக்‌ஷன் பகுதி. மொத்த இணைப்புகள் 500, ஒரு டோரண்டுக்கு 100 என்று இருந்தன. நல்ல ரவுட்டருக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் கேபிள்காரர் மாட்டிவிட்டுப் போகும் சின்ன ரவுட்டர், ஒவ்வொரு இணைப்பையும் தன் நினைவில் ஒரு பட்டியலில் வைத்திருக்க வேண்டும். பட்டியல் நிறைந்தால் அது திணறும். சில ரவுட்டர்கள் தானாகவே அணைந்து எழும். நான் 200, 60 என்று குறைத்தேன். இதை 2000, 5000 என்று ஏற்றச் சொல்லும் ஆலோசனைகள் இன்னும் சுற்றுகின்றன, நம்பாதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2-ல் பாதி திறந்த, அதாவது இன்னும் பதில் வராத இணைப்புகளுக்கு 10 என்று ஒரு எல்லை இருந்தது. அந்தக் காலத்தில் அதை உடைக்க சிஸ்டம் கோப்பையே திருத்தினார்கள். விண்டோஸ் 7-ல் அந்த எல்லையே கிடையாது. இன்று அந்த வேலையைச் செய்வதாகச் சொல்லி யாராவது புரோகிராம் கொடுத்தால் வாங்கி நிறுவ வேண்டாம்.

அதே பக்கத்தில் போர்ட் எண் இருக்கும். வெளியிலிருப்பவர்கள் நம் மென்பொருளைத் தொடும் கதவின் எண் அது. 6881-ஐ ஒட்டிய பழைய எண்களைச் சில இணைய நிறுவனங்கள் மட்டுப்படுத்துவதுண்டு. 49152-க்கும் 65535-க்கும் இடையில் ஏதாவது ஒன்றைப் போடுங்கள். ரவுட்டரில் அந்தப் போர்ட்டைத் தானாகத் திறக்கும் யுபிஎன்பி டிக் செய்யப்பட்டிருக்கட்டும். ரவுட்டரிலும் அது ஆனில் இருக்க வேண்டும். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் வெளியிலிருந்து யாரும் நம்மைத் தொட முடியவில்லை என்றால், ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து வேன் ஐபி முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த எண்ணைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். அப்போது ரவுட்டரில் போர்ட் திறந்து பயனில்லை, கதவு அவர்கள் பக்கம் இருக்கிறது. தனி முகவரி தருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம், புதிய முகவரி முறையான ஐபிவி6 இருந்தால் அதை ஆன் செய்யலாம். நாம் தேடிப் போய்ப் பேசும் இணைப்புகள் எப்படியும் நடக்கும். எனவே உபுண்டு மாதிரி நிறைய சீடர்கள் உள்ள கோப்புக்கு இது பெரிய தடையில்லை.

பிட்டோரண்ட் பகுதியில் டிஹெச்டி, பெக்ஸ் இரண்டும் ஆனில் இருக்கட்டும். ஆட்களைக் கண்டுபிடித்துத் தருபவை அவை. தரவைப் பூட்டி அனுப்பும் என்கிரிப்ஷனை 'அனுமதி' நிலையிலேயே விடுங்கள். 'கட்டாயம்' என்று வைத்தால், அதை ஏற்காதவர்களுடன் பேசவே முடியாது. அவசரமானால் ஒரே நேரத்தில் இறங்கும் எண்ணிக்கையை 1 ஆக்குங்கள்.

லோக்கல் பியர் டிஸ்கவரி என்று அங்கே ஒன்று இருக்கிறது. பள்ளியிலோ கல்லூரியிலோ லேப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு லேபில் 12 கம்ப்யூட்டர்களுக்கு ஒரே ஐஎஸ்ஓ தேவைப்பட்டது. ஒன்றில் முழுதாக இறக்கினேன். மற்ற 11-லும் அதே டோரண்டைத் திறந்து, இதை ஆன் செய்தேன். அவை ஒன்றையொன்று கண்டுபிடித்து, லேன் கேபிள் வழியாகவே பகிர்ந்துகொண்டன. இதற்கு ஸ்பீட் பகுதியில், லேனில் இருப்பவர்களுக்கும் வேகக் கட்டுப்பாடு என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். வைஃபையில் கருவிகளைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் ஆனில் இருந்தால் இது வேலை செய்யாது.

பையனின் கதைக்கு வருகிறேன். கடைசியாக நான் செய்தது, வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளைச் செருகியது. என் மேசைக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இரண்டு செங்கல் சுவர்கள். 2 மெகாபைட்டில் நின்றது 4.5 ஆனது. மீதிக் கோப்பு அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. அதற்குள் அவன் இன்னொரு தவறு செய்யப் பார்த்தான். கோப்பைத் தன் பென்டிரைவில் அப்படியே காப்பி செய்ய வேண்டும் என்றான். அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் ஆனது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு நிற்காது. நேரே பென்டிரைவுக்கே டவுன்லோடு செய்திருந்தாலும் பாதி வழியில் பிழை வந்து நின்றிருக்கும். எப்போதும் ஹார்டு டிஸ்கில் இறக்குங்கள். இடத்தை முன்கூட்டியே ஒதுக்கும் ப்ரீ-அலோகேட் டிக்கையும் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

முடிந்ததும் டோரண்டை அழித்துவிடாதீர்கள். வாங்கிய அளவாவது திருப்பிக் கொடுங்கள். நமக்குக் கொடுத்தவர்களும் அப்படித் திறந்து வைத்திருந்தவர்கள்தான். வீட்டில் மற்றவர்களுக்குத் தொந்தரவு வராமல் இருக்க, ஸ்பீட் பகுதியிலேயே மாற்று வேகக் கட்டுப்பாடு இருக்கிறது. நான் காலை 8 முதல் இரவு 10 வரை அப்லோடு 300 என்று நேரம் குறித்திருக்கிறேன். இரவு 10 ஆனதும் அது தானாகவே 1000-க்குப் போய்விடும்.