லாங் ரைஃபிள் கட்டையில் செதுக்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்சில்வேனியா பாணி லாங் ரைஃபிளை, அதாவது 18ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் நீண்ட குழல் துப்பாக்கியை, முதன்முதலாகச் செய்பவர்கள் குழலையும் பிளின்ட் லாக்கையும் (சிக்கிமுக்கிக் கல்லால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொறி) துப்பாக்கியின் மரக்கட்டையில் பதிக்கும்வரை நிதானமாகத்தான் இருக்கிறார்கள். செதுக்கல் என்றதும் ஓர் அவசரம் வந்துவிடுகிறது. ஆரம்பத்தில் நான் கெடுத்த அதே இடங்களை இவர்களும் வரிசை மாறாமல் கெடுக்கிறார்கள். கை வழுக்குவது, ரேகைக்கு எதிராக உளி ஓட்டுவது எல்லாம் தானாகவே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒட்டுப்போட்ட அலங்காரம்

18ஆம் நூற்றாண்டில் இந்தத் துப்பாக்கிகளைச் செய்தவர்களில் பலர் ஜெர்மன் மொழி பேசிய குடியேறிகள். ரொக்கோகோ என்ற ஐரோப்பிய அலங்காரப் பாணியின் சுருள்களைத்தான் மேப்பிள் கட்டையில் இறக்கினார்கள். ஆனால் பென்சில்வேனியாவுக்குள்ளேயே லங்காஸ்டர் ஊரின் கை வேறு, ரெடிங் ஊரின் கை வேறு. அங்கே நாசரெத் ஊருக்கு அருகே மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவக் குழுவினரின் கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் பட்டறையில் கிறிஸ்டியன் ஓர்ட்டர் 1770களில் செதுக்கிய சுருளை எடுத்து, லங்காஸ்டரின் ஜேக்கப் டிக்கர்ட் பாணிக் கட்டையில் ஒட்டினால் இரண்டும் சேராது. ஒரு பட்டறையைத் தேர்ந்தெடுத்து அதோடு நில்லுங்கள். அப்புறம், காகிதத்தில் அச்செடுத்து ஒட்டாதீர்கள். கட்டை வளைந்தது, காகிதம் தட்டை. பென்சிலால் மரத்திலேயே வரையுங்கள்.

அகழி

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். கன்னம் பதியும் மேட்டுக்குப் பின்னால் சுருளை வரைந்து, கோட்டின் மேல் உளியை இறக்கி, வெளியே ஒரு விரல் அகலத்துக்கு மரத்தை எடுத்ததும் நிறுத்திவிடுகிறார்கள். சுருள் எழுந்து நிற்கிறது, சரி. ஆனால் அதைச் சுற்றிக் கோட்டை அகழி மாதிரி ஒரு பள்ளம். அதைத் தாண்டியதும் மரம் மறுபடி மேலே ஏறுகிறது.

பட்டறையில் தலைக்கு மேலே தொங்கும் விளக்கில் இது தெரியாது. விளக்கைக் கீழே இறக்கி, மரத்தை ஒட்டி வெளிச்சம் படரும்படி பக்கவாட்டில் வையுங்கள். பள்ளத்தின் விளிம்பு நிழலாக ஓடும். எண்ணெய் பூசி மினுமினுப்பு ஏறிவிட்டாலோ எந்த வெளிச்சத்திலும் தெரியும்.

போன குளிர்காலத்தில் ஓர் இளைஞர் கட்டையோடு வந்தார். என்ன சாயம் போடலாம் என்று கேட்கத்தான் வந்தார். நல்ல கை. சுருளின் உட்பக்கம் நகவுளி ஒரே வீச்சில் போயிருந்தது. ஆனால் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பள்ளம்! பழைய துப்பாக்கிகளில் செதுக்கலின் உயரமே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. பக்கம் முழுவதையும் அதே அளவுக்கு இறக்கிவிடலாமே என்றார். இறக்கலாம்தான். ஆனால் கட்டையின் பின்முனையை மூடும் பித்தளைத் தகடான பட் பிளேட்டை முன்பே பொருத்தி, அதன் விளிம்பையும் மரத்தையும் ஒரே மட்டமாக ராவி முடித்திருந்தார். மரம் இறங்கினால் அந்த 3 மில்லிமீட்டரும் வெளியே துருத்தும். பித்தளையை ராவினால் பிளேட் ஒரு பக்கம் ஒடுங்கிவிடும். பிறகு மறுபக்கம், அப்புறம் அடிவிளிம்புத் தகடு என்று வேலை நீளும். நல்ல சுருள்ரேகை மேப்பிள் மலிவான மரமும் இல்லை. அகழியோடேயே சாயம் போட்டுக்கொண்டார்.

செதுக்கலே இல்லாவிட்டால் அந்த இடத்தில் மரம் எந்த மட்டத்தில் இருக்குமோ, அதுதான் பின்னணியின் மட்டம். ஆகவே இந்த வேலை உளியில் தொடங்குவதில்லை, அரத்தில் தொடங்குகிறது. கட்டையை ஒடுக்கும்போதே மற்ற இடங்களைக் கிட்டத்தட்ட இறுதி அளவுக்குக் கொண்டுவந்து, செதுக்கல் வரும் இடத்தில் மட்டும் அந்த ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டரை விட்டுவையுங்கள். கோட்டைச் சுற்றி எடுத்த பிறகு நிறுத்தாமல், பின்னணி பட் பிளேட் விளிம்போடும் அடிவிளிம்போடும் கலக்கும்வரை மரத்தை எடுத்துக்கொண்டே போங்கள். சின்ன எஃகு ஸ்கேலை விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

குழலின் வாலை, அதாவது அதன் பின்முனையிலிருந்து நீண்டு கட்டையில் பதியும் இரும்பு நாக்கை, சுற்றிச் செதுக்கும்போது இதே கணக்கு இன்னும் கறார். அங்கே மரத்தைக் கூடுதலாகத் தோண்டினால் இரும்பு மேலே தனியாக நிற்கும்.

உளி இறங்கும் ஆழம்

கோட்டை வெட்டும்போது கொட்டாப்புளியால் ஓங்கி அடிக்காதீர்கள். பின்னணி இறங்கப்போகும் ஆழத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே வெட்டு நிற்கட்டும். தாண்டிப் போன வெட்டு சுருளின் காலடியில் மெல்லிய பிளவாகத் தங்கிவிடும். இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலத்தைப் பூசிச் சூடு காட்டியதும் மரம் அழகாகப் பழுப்பேறும். அந்தப் பிளவு மட்டும் கறுப்புக் கோடாகப் பல்லைக் காட்டும்.

உப்புத்தாள்

செதுக்கலின் பக்கத்திலேயே வேண்டாம். விளிம்பெல்லாம் சோப்புக்கட்டியாகிவிடும். மரத்தைச் சுரண்டும் எஃகுத் தகடான ஸ்கிரேப்பர் போதும்.

மழுங்கிய உளி

தீட்டுங்கள்.

எல்லா இடத்திலும் செதுக்குவது

கன்ன மேட்டின் பின்புறம், குழலின் வாலைச் சுற்றி, துடைப்புக்கோல் கட்டைக்குள் நுழையும் இடம். முதல் துப்பாக்கிக்கு இந்த மூன்றே அதிகம். வெறும் கீறல் கோடுகளோடு நிற்கும் பழைய துப்பாக்கிகளும் உண்டு, அவற்றில் ஒரு குறையும் இல்லை. கட்டையை அறுத்தபோது மிஞ்சிய மேப்பிள் துண்டுகளை அடுப்புக்கு அனுப்பாதீர்கள். அதே மரம், அதே ரேகை. முழுச் சுருளையும் முதலில் அதில் செதுக்கி, சாயமும் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டைக்கு வாருங்கள்.