ஒஸ்ரின், மொறிஸ் வச்சிருக்கிற ஆக்களுக்கு: பெற்றோல் பம் பாத்து வாங்கி பூட்டுறது எப்பிடி

யாழ்ப்பாணத்தில இன்னும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எண்டு பழைய இங்கிலிஷ் கார்கள் கனக்க ஓடித் திரியுது. தொண்ணூறுகள்ல பெற்றோல் இல்லாத காலத்தில காபரேற்றருக்குள்ள (பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்கிறது) கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில ஓடின கார்கள் இதுகள், அதால எதைப் பூட்டினாலும் ஓடும் எண்டு எங்களுக்கு ஒரு நினைப்பு. ராங்கில இருந்து காபரேற்றருக்கு பெற்றோல் அனுப்புற பம் விசயத்தில அது சரிவராது. நானும் அப்பிடி நினைச்சு ஒரு இன்ஜெக்ஷன் காரின்ர (காபரேற்றர் இல்லாம பெற்றோலை பிரஷரில பீச்சி அடிக்கிற கார்) பம்மைக் கொண்டுவந்து ஏ40க்குப் பூட்டி கீயைப் போட்டன், காபரேற்றர் பொங்கி பெற்றோல் எஞ்சின் புகை வெளிய போற மனிபோல்ட் மேல ஊத்திச்சுது. நல்லகாலம் எஞ்சின் சூடாகேல்ல.

முதல் வேலை, பம்தான் பிழையோ எண்டு பாக்கிறது. ராங்க் மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைபட்டாலும் கார் கொஞ்சத் தூரம் ஓடி நிண்டிடும், மூடியைக் கழட்டினால் திரும்ப ஓடும். பில்ரரையும் பாருங்கோ. பேந்து காபரேற்றருக்கு வாற ஹோசைக் கழட்டி ஒரு போத்திலுக்குள்ள விட்டு, பொறி வராம இருக்க கொயில் வயரையும் கழட்டிப்போட்டு ஸ்ராட்டர் அடிச்சுப் பாருங்கோ. விட்டு விட்டு பீச்சி அடிக்குதெண்டால் பம் ஓக்கே. பக்கத்தில சுருட்டோட ஒருத்தரும் நிக்கக் கூடாது, பெரியப்பாவா இருந்தாலும் சரி.

இனி வாங்கிறது. கடைக்காரர் "நல்ல பவர் பம் தம்பி" எண்டு சொன்னால் பவரை விட்டிட்டு பிரஷர் எவ்வளவு எண்டு கேளுங்கோ. இந்தக் காபரேற்றர்களுக்கு 1.5 தொடக்கம் 3 பிஎஸ்ஐ காணும். அதுக்கு மேல போனால் உள்ள பெற்றோலை மறிக்கிற நீடிலை தள்ளிக்கொண்டு பெற்றோல் வரும், மிதவையால மறிக்க ஏலாது. இன்ஜெக்ஷன் பம் 40க்கு மேல அடிக்கும், அதான் எனக்கு நடந்தது. பம் எவ்வளவு பெற்றோல் குடுக்கும் எண்டு யோசிக்காதேங்கோ, 1200 சிசி எஞ்சின் முழு மிதி மிதிச்சாலும் மணித்தியாலத்துக்கு 15 லீற்றர் அளவில தான் குடிக்கும், ஆகச் சின்ன பம்மே அதைவிடக் கனக்கக் குடுக்கும்.

ஏ40க்கு எஞ்சினோட சேந்த மெக்கானிக்கல் பம், எஞ்சினுக்குள்ள சுத்துற கம்சாப்ட் தான் அதை அடிக்கிறது. டயபிரம் (பெற்றோலை இழுத்துத் தள்ளுற சவ்வு) கிட் கிடைச்சால் அதையே திருத்துறது தான் என்ர விருப்பம், யாழ்ப்பாணத்தில இல்லையெண்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில தேடலாம். மைனருக்கு முதல்லயே எஸ்யூ கம்பனியின்ர எலக்ரிக் பம், டிக் டிக் எண்டு அடிக்கிறது, அதுக்கு கரண்டை விட்டு விட்டுக் குடுக்கிற பொயின்ற் கரி பிடிச்சால் மெல்லமா ஒரு தட்டுத் தட்ட திரும்ப வேலை செய்யும், ஆனா தட்டித் தட்டியே எத்தினை நாள் ஓடுறது, பொயின்றைத் துப்புரவாக்குங்கோ.

எலக்ரிக் தான் வாங்கிறீங்கள் எண்டால் ஒண்டை மறக்காதேங்கோ. இந்த பழைய இங்கிலிஷ் கார்கள் கனக்க பொசிற்றிவ் ஏர்த், பற்றறியின்ர பிளஸ் தான் பொடியில பூட்டியிருக்கும். இப்ப வாற எலக்ரோனிக் பம் கனக்க நெகற்றிவ் ஏர்த்துக்கு செய்தது, மாறிக் குடுத்தால் உள்ள இருக்கிறது எரிஞ்சிடும்.

பூட்டுற இடம் எஞ்சினுக்குக் கிட்ட வேண்டாம். இப்பத்தையான் சின்ன பம்களுக்கு தள்ளுறது லேசு, இழுக்கிறது கஷ்டம். அதால ராங்குக்குக் கிட்ட, ராங்கின்ர அடி மட்டத்தில, சைலன்சருக்குத் தூரமா பூட்டுங்கோ. சித்திரை வெயிலில எஞ்சின் சூட்டோட பம்மும் சேந்து கிடந்தால் லைனுக்குள்ள பெற்றோல் ஆவியாகி கார் நடுறோட்டில நிண்டிடும். பற்றறி வயரைக் கழட்டிப்போட்டுத் தொடங்குங்கோ. பம்முக்கு முன்னால ஒரு பில்ரர், அடியில ரப்பர், வெளிய போற பக்கம் மேல பாத்தபடி, பெற்றோலுக்கெண்டே செய்த ஹோஸ், ரெண்டு பக்கமும் கிளிப். தண்ணி ஹோசை வெட்டிப் போட்டிட்டு பேந்து ஒழுகுது எண்டு அழாதேங்கோ.

வயர் கீ போட்டாப் பிறகு கரண்ட் வாற இடத்தில இருந்து எடுங்கோ, நடுவில ஒரு பியூஸ். ஏர்த்துக்கு பெயின்ற்றைச் சுரண்டிப்போட்டு பூட்டுங்கோ. எங்கயும் அடிபட்டு எஞ்சின் நிண்டாலும் கீ போட்டபடி இருந்தால் பம் ஊத்திக்கொண்டே இருக்கும், அதுக்கு ஒரு இனேர்சியா சுவிட்ச் (அடிபட்டால் தானா கரண்டை நிப்பாட்டுறது) போடுறது நல்லம்.

பழைய மெக்கானிக்கல் பம்மை அப்பிடியே லைன்ல விடாதேங்கோ. அதின்ர டயபிரம் கிழிஞ்சிருந்தால் புது பம் தள்ளுற பெற்றோல் நேர எஞ்சின் ஒயில் நிக்கிற சம்புக்குள்ள போய் ஒயிலோட கலக்கும். கழட்டி, அந்த ஓட்டைக்கு ஒரு தகடும் கஸ்கற்றும் போட்டு மூடுங்கோ.

கடைசியா எஞ்சினை ஸ்ராட் பண்ணாம கீயை மட்டும் போடுங்கோ. பம் முதல் கெதியா அடிக்கும், காபரேற்றர் நிரம்ப மெதுவாகும். நிக்காம ஒரே வேகத்தில அடிச்சுக்கொண்டிருந்தால் ராங்கில பெற்றோல் இல்லை, இல்லாட்டி எங்கயோ ஒழுகுது, உடன கீயை எடுத்துப்போட்டு கீழ குனிஞ்சு பாருங்கோ.