பயாலஜி டிகிரி முடிச்சாச்சு, இனி எந்தப் பக்கம் போறது?

"பயாலஜி படிச்சா என்ன வேலை கிடைக்கும்"னு தேடினா ஒரே மாதிரி நீளமான பட்டியல் தான் வரும், சயின்டிஸ்ட், டீச்சர், லேப் டெக்னீஷியன், ஜெனடிக் கவுன்சிலர், ஃபாரன்சிக், அப்புறம் மரைன் பயாலஜிஸ்ட்னு ஒண்ணு கண்டிப்பா இருக்கும், டால்ஃபின் படத்தோட. படிச்சு முடிச்சா முன்ன இருந்ததை விட குழப்பம் தான் ஜாஸ்தியாகும். அதுல இருக்கறது எல்லாம் பதவிப் பேரு, அந்த வேலையில காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன பண்ணுவாங்கன்னு ஒரு வார்த்தை இருக்காது.

அதனால சப்ஜெக்ட்டை வச்சு வேலை தேடாதீங்க, தினமும் என்ன மாதிரி காரியம் செய்ய உங்களுக்கு ஒத்துவரும்ங்கறதை வச்சு தேடுங்க. இம்யூனாலஜி பாடம் பிடிச்சிருந்ததுங்கறது வேற, ஒரே எலிசா (ஆன்டிபாடி வச்சு அளக்கற டெஸ்ட்) பிளேட்டை வாரம் முழுக்க திரும்பத் திரும்ப போட்டு ஸ்டாண்டர்ட் கர்வ் சரியா வரலையேன்னு உக்காந்திருக்கறது பிடிக்குமாங்கறது வேற. முதல் வேலையா ஒரு பேப்பர் எடுத்து, காலேஜ்ல நேரம் போனதே தெரியாம செஞ்ச காரியங்களை எழுதுங்க, பாடத்தோட பேரை எழுதாதீங்க, செஞ்ச செயலை எழுதுங்க. ஸ்லைடு ஸ்டெயின் பண்ணினது, ரெக்கார்டு நோட்டை சுத்தமா எழுதினது, ஃபிரெண்டுக்கு கிரெப்ஸ் சைக்கிள் புரிய வச்சது, எக்செல்ல கிராஃப் போட்டது, ஃபீல்டு ட்ரிப்ல செடி அடையாளம் பார்த்தது, எதுவா வேணா இருக்கட்டும். வெறுத்த காரியங்களையும் எழுதுங்க, சொல்லப்போனா அந்தப் பக்கம் தான் ரொம்ப உதவும்.

பயாலஜிக்காரங்க வேலை எல்லாத்தையும் சுமாரா அஞ்சு மாதிரி நாளா பிரிச்சிடலாம்: லேப் பெஞ்சுல நிக்கற நாள், டாக்குமென்ட்டோட போற நாள், கம்ப்யூட்டர்ல போற நாள், வெளியில காடு கரைன்னு அலையற நாள், மனுஷங்க கிட்ட பேசிட்டே இருக்கற நாள்.

பெஞ்சுன்னா எல்லாரும் ரிசர்ச்னு மட்டும் நினைக்கறாங்க, ஆனா வேலைங்க நிறைய இருக்கறது குவாலிட்டி கன்ட்ரோல், அதாவது க்யூசில தான், மருந்து, தடுப்பூசி, உணவு, தண்ணி, டயக்னாஸ்டிக் கிட்னு எது தயாரிச்சாலும் அதை டெஸ்ட் பண்ண ஆள் வேணும். ரெண்டும் பார்க்க ஒரே பைப்பெட், ஒரே கோட்டு, ஆனா குணம் நேர் எதிர். ரிசர்ச் லேபுல புதுசா ஒண்ணு வந்தா சந்தோஷம், க்யூசி லேபுல புதுசா ஒண்ணு வந்தா தலைவலி, நேத்து வந்த ரிசல்ட் இன்னிக்கும் அப்படியே வரணும், வரலைன்னா ஏன் வரலைன்னு விசாரணை நடத்தி ரிப்போர்ட் எழுதணும். அங்க எழுதாத வேலை நடக்காத வேலைன்னு சொல்வாங்க, கிண்டலுக்கு இல்ல, நிஜமாவே ஆடிட்ல அப்படித்தான் பார்ப்பாங்க. ஒழுங்கு பிடிச்ச ஆளுங்களுக்கு இது நல்ல இடம், நாலு வருஷத்துல க்யூசில இருந்து க்யூஏ (குவாலிட்டி அஷூரன்ஸ், முறைகள் சரியா நடக்குதான்னு பார்க்கறது) பக்கம் நகரறவங்களும் நிறைய. இங்க நுழைய பி.சி.ஆர் (டி.என்.ஏ.வைப் பெருக்கறது), எலிசா, ஹெச்.பி.எல்.சி (கலவையைப் பிரிச்சு அளக்கறது), அசெப்டிக் டெக்னிக் (கிருமி கலக்காம வேலை செய்யறது), செல் கல்ச்சர்ல ரெண்டு மூணாவது கையால செஞ்சிருக்கணும், "பார்த்திருக்கேன்"னா இன்டர்வியூல ரெண்டாவது கேள்வியிலயே தெரிஞ்சிடும்.

இப்ப டாக்குமென்ட் பக்கம் வருவோம், இதைப் பத்தி தான் கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா காலேஜ்ல யாரும் இதை சொல்றதில்ல, சொன்னாலும் "டெஸ்க் ஜாப் தானே"ன்னு ஒரு இளக்காரம். ஒரு மருந்து ஆராய்ச்சியில இருந்து நோயாளி கைக்கு போறதுக்குள்ள மலை மாதிரி காகிதம் நடுவுல இருக்கு, அந்தக் காகிதத்தைப் படிச்சு புரிஞ்சுக்க பயாலஜி தெரிஞ்ச ஆள் தான் வேணும். கிளினிக்கல் ரிசர்ச்ல, அதாவது மருந்தை மனுஷங்க கிட்ட சோதிச்சுப் பார்க்கற இடத்துல, கோஆர்டினேட்டர்னா ஆஸ்பத்திரி பக்கம் இருந்து நோயாளிங்க ஒப்புதல், விசிட், சாம்பிள் எல்லாம் பார்த்துக்கறவர், மானிட்டர்னா கம்பெனி பக்கம் இருந்து வந்து அது எல்லாம் சரியா நடந்துச்சான்னு சரிபார்க்கறவர். ரெண்டு பேருக்கும் வேதம் ஜி.சி.பி. (குட் கிளினிக்கல் பிராக்டிஸ்)ங்கற விதிமுறை, 1996ல வந்தது, மூணாவது திருத்தம் 2025ல வந்திருக்கு, இன்டர்வியூக்கு போறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை முழுசா படிச்சிட்டுப் போங்க, படிக்காம வர்றவங்க தான் அதிகம்.

ஃபார்மகோவிஜிலன்ஸ்னு இன்னொண்ணு, டிரக் சேஃப்டின்னும் சொல்வாங்க. மருந்து சந்தைக்கு வந்த பிறகும் பக்க விளைவு ரிப்போர்ட்டுங்க வந்துட்டே இருக்கும், அதைப் படிச்சு, மெட்ரான்னு ஒரு மருத்துவ அகராதியில இருக்கற சொல்லுக்கு மாத்தி கோடு பண்ணி, சீரியஸா இல்லையா, மருந்தால வந்ததா வேற காரணமான்னு பார்த்து அனுப்பணும், சீரியஸாவும் எதிர்பார்க்காததாவும் இருந்தா 15 நாள் கெடு தான் வழக்கமா. ரெகுலேட்டரி அஃபயர்ஸ்னா அனுமதிக்கு போற கோப்பையே தயார் பண்றது, சி.டி.டி. (காமன் டெக்னிக்கல் டாக்குமென்ட்)ன்னு அஞ்சு மாட்யூல் கொண்ட ஒரு அமைப்பு, அதுல முதல் மாட்யூல் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும், மத்த நாலும் பொது. மெடிக்கல் ரைட்டிங்னா ட்ரையல் ரிப்போர்ட், புரோட்டோகால், ஜர்னல் கட்டுரைன்னு எழுதறது, இதுக்கு இலக்கிய நடை வேண்டாம், டேபிள்ல இருக்கற எண்ணும் வரியில இருக்கற எண்ணும் ஒண்ணா இருக்கான்னு மூணு தடவை பார்க்கற பொறுமை வேணும்.

டெஸ்க் ஜாப்னு இளக்காரமா பேசறவங்களுக்கு ஒரு பேரு சொல்றேன், பிரான்சிஸ் கெல்சி. மருந்துக்கு அனுமதி தர்ற அமெரிக்காவோட எஃப்.டி.ஏ.ல 1960ல சேர்ந்தாங்க, ஆரம்பத்துலயே கைக்கு வந்த கோப்பு தாலிடோமைடுங்கற தூக்க மருந்து. கம்பெனி நச்சரிச்சிட்டே இருந்துச்சு, இவங்க தரவு போதாது இன்னும் கொண்டு வாங்கன்னு திரும்பத் திரும்ப திருப்பி அனுப்பிட்டே இருந்தாங்க. 1961 கடைசியில, கர்ப்பிணிங்க சாப்பிட்ட அந்த மருந்தால கை கால் வளராம குழந்தைங்க பிறக்கறது வெளிய வந்துச்சு, உலகம் முழுக்க பத்தாயிரத்துக்கு மேல பாதிப்பு, அமெரிக்காவுல அது விற்பனைக்கே வரல. அவங்க செஞ்சது அத்தனையும் மேஜையில உக்காந்து படிச்சது, கேள்வி கேட்டது தான்.

கம்ப்யூட்டர் பக்கம். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்னா பிளாஸ்ட்ல (சீக்வென்ஸை ஒப்பிட்டுத் தேடற தளம்) சீக்வென்ஸ் போட்டு எடுக்கறதுன்னு நினைச்சுட்டு ரெஸ்யூமேல போட்டுடறாங்க, அது எல்லா பயாலஜிஸ்ட்டும் செய்யறது. நிஜ வேலைக்கு லினக்ஸ் கமாண்ட் லைன், ஆர் இல்லைன்னா பைத்தான், அடிப்படை ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கோடுல செஞ்ச மாற்றங்களைப் பதிவு வைக்கற கிட் (Git) இவ்வளவும் வேணும். இதுல எல்லாரும் மாட்டிக்கற இடம் கோர்ஸ், ஒண்ணு முடிச்சா இன்னொண்ணு, சர்டிஃபிகேட் மட்டும் சேரும். அதுக்குப் பதிலா உங்களுக்குப் பிடிச்ச ஒரு ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் (எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுன்னு பார்க்கறது) பேப்பர் எடுங்க, அதோட டேட்டா அமெரிக்க அரசோட என்.சி.பி.ஐ. நடத்தற ஜியோ (GEO) டேட்டா தளத்துல பெரும்பாலும் இலவசமா இருக்கும், எறக்கி அந்தப் பேப்பர்ல இருக்கற ஒரே ஒரு படத்தை நீங்களா திரும்ப உண்டாக்கிப் பாருங்க. வராது முதல்ல, ஏன் வரலைன்னு தேடறதுல தான் எல்லாமே கத்துப்பீங்க, அதை கிட்ஹப்ல (கோடு போட்டு வைக்கற தளம்) போட்டா அதுவே உங்க போர்ட்ஃபோலியோ. கோடிங் பயமா இருந்தா கேலக்ஸின்னு ஒரு இலவச தளம் இருக்கு, பிரவுசர்லயே அனாலிசிஸ் ஓட்டலாம், தொட்டுப் பார்க்க அது போதும். ஏஐ வந்துடுச்சே இனி என்னத்துக்குன்னு கேக்கறவங்களுக்கு: புரோட்டீன் வடிவத்தை கணிக்கற ஆல்ஃபாஃபோல்டுங்கற ஏஐயை உருவாக்கினவங்களுக்கு 2024ல வேதியியல் நோபல்ல பங்கு கிடைச்சது உண்மை தான், ஆனா அது குடுக்கற மாடல்ல எந்தப் பகுதியை நம்பலாம் எதை நம்பக்கூடாதுன்னு பார்க்க புரோட்டீன் தெரிஞ்ச ஆள் இன்னமும் வேணும்.

வெளியில அலையற வேலை, இகாலஜி, வனவிலங்கு, சுற்றுச்சூழல் மதிப்பீடு. ஆசை எல்லாருக்கும் உண்டு, நிரந்தர இடம் கம்மி, நிறைய வேலை சீசனுக்கு மட்டும் கான்ட்ராக்ட். சுற்றுச்சூழல் கன்சல்டன்சி பக்கம் கொஞ்சம் நிலையா இருக்கும், அங்க க்யூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர் தெரிஞ்சா உடனே மதிப்பு கூடும். ஐநேச்சுரலிஸ்ட், இபேர்ட் மாதிரி உயிரினம், பறவை பார்த்ததைப் பதியற தளங்கள்ல தொடர்ந்து பதிவு போட்டு வச்சிருந்தா உங்களுக்கு இனம் அடையாளம் பார்க்கத் தெரியும்ங்கறதுக்கு அதுவே சாட்சி.

மனுஷங்க கிட்ட பேசற வேலைன்னா டீச்சிங் தெரிஞ்சதே. விவரம் தெரியாதது ரெண்டு. ஒண்ணு அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட், லேப் மெஷின் விக்கற கம்பெனியில வாங்கின லேபுக்குப் போய் ஓட்டக் கத்துக் குடுத்து பிரச்சனை தீர்த்து வைக்கறவர், பெஞ்சும் தெரியணும் பேசவும் தெரியணும், ரெண்டும் சேர்ந்த ஆள் கிடைக்கறது கஷ்டம். இன்னொண்ணு ஜெனடிக் கவுன்சிலர், பரம்பரை நோய் பத்தி குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்றவர், இதுக்கு அநேக இடங்கள்ல தனி மாஸ்டர்ஸ் வேணும், வெறும் டிகிரியோட முடியாது, அதனால முன்னாடியே திட்டம் போடணும்.

சரி, ரெண்டு பக்கம் மனசுல நிக்குதுன்னு வச்சுக்குவோம். இப்ப வேலை விளம்பரங்களை 30 எடுங்க, அப்ளை பண்ண இல்ல, படிக்க. ஒவ்வொண்ணுலயும் கேக்கற திறமையை ஒரு ஷீட்ல போட்டு எது எத்தனை தடவை வருதுன்னு எண்ணுங்க. பாதிக்கு மேல விளம்பரத்துல வர்றது கட்டாயம், அது உங்க கிட்ட இல்லைன்னா அதை மட்டும் கத்துக்கோங்க, ஒண்ணு ரெண்டுல மட்டும் வர்றதை விட்டுடுங்க. முக்கியமா ஃபிரெஷரை எடுக்கறாங்களா, மாஸ்டர்ஸ் நிஜமாவே கேக்கறாங்களான்னு பாருங்க, காலேஜ்ல சொன்னதுக்கும் விளம்பரத்துல இருக்கறதுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கும் சில நேரம்.

அப்புறம் அந்த வேலையில இருக்கறவங்க கிட்ட பேசணும், இதுக்குத் தான் எல்லாருக்கும் கூச்சம். வேலை வாங்கித் தாங்கன்னு ஆரம்பிக்காதீங்க, அதுக்கு யாரும் பதில் போட மாட்டாங்க. லிங்க்ட்இன்ல உங்க காலேஜ்ல படிச்ச சீனியர்ஸை முதல்ல தேடுங்க, இப்படி எழுதுங்க: "வணக்கம், நானும் நீங்க படிச்ச டிபார்ட்மென்ட் தான், இந்த வருஷம் முடிச்சேன். டிரக் சேஃப்டி பக்கம் வரலாமான்னு யோசிக்கறேன், உங்க வேலையில ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க ஒரு 15 நிமிஷம் பேச முடியுமா, உங்களுக்கு வசதியான நேரம் சொன்னா போதும்." அவ்வளவு தான். பேசும்போது சம்பளத்தை முதல்ல கேக்காதீங்க, "இந்த வேலையில எதைப் பார்த்து புதுசா வர்றவங்க சலிச்சுப் போறாங்க"ன்னு கேளுங்க, உண்மை எல்லாம் அந்தக் கேள்விக்குத் தான் வெளிய வரும். அனுப்பினதுல பாதிப் பேர் பதில் போட மாட்டாங்க, அதைப் பெருசா எடுத்துக்க வேண்டாம்.

ரெஸ்யூமேல "பி.சி.ஆர் தெரியும், டீம் பிளேயர், ஹார்ட் ஒர்க்கர்"னு எழுதறதை நிறுத்துங்க. ப்ராஜெக்ட்ல என்ன பண்ணினீங்களோ அதையே முழுசா எழுதலாம்: "மண்ணுல இருந்து பாக்டீரியா தனிமைப்படுத்தி, டி.என்.ஏ. எடுத்து, 16எஸ் ஜீனை பி.சி.ஆர்ல பெருக்கி, அதோட சீக்வென்ஸ் பார்த்து இனம் கண்டறிந்தேன், கான்டாமினேஷன் வந்தப்ப நெகட்டிவ் கன்ட்ரோல் வச்சு எங்க தப்புன்னு கண்டுபிடிச்சேன்." அந்தக் கடைசிப் பாதி தான் இன்டர்வியூ பண்றவரை நிமிர்ந்து உக்கார வைக்கும், அங்க இருந்தே பேச்சு ஆரம்பிக்கும், நீங்க செஞ்ச விஷயம்ங்கறதால பதட்டமும் இருக்காது.

மாஸ்டர்ஸ், பி.ஹெச்.டி. பத்தி. என்ன பண்றதுன்னு தெரியலை அதனால மேல படிக்கறேன்ங்கறது என்னைப் பொறுத்தவரை மோசமான காரணம், குழப்பம் அப்படியே இருக்கும், வயசும் சில நேரம் கடனும் மட்டும் கூடியிருக்கும். நீங்க எண்ணின விளம்பரத்துல மாஸ்டர்ஸ் கட்டாயம்னு வந்தா போங்க. பி.ஹெச்.டி.க்கு நாலுல இருந்து ஆறு வருஷம் போகும், சொந்தமா ஒரு கேள்வியைத் துரத்தணும்ங்கற அரிப்பு இருந்தா மட்டும் தான் தாங்கும். அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் ரிசர்ச் அசிஸ்டென்ட்டா இருந்து பாருங்க, சம்பளத்தோட. சேரப்போற லேபுல ஏற்கனவே படிச்சு முடிச்சவங்க ரெண்டு பேர் கிட்டயாவது தனியா பேசுங்க, கைடு எப்படி, எத்தனை பேர் பாதியில போனாங்க, முடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு, இதை வெப்சைட்ல யாரும் போட மாட்டாங்க. ஸ்டைபெண்ட் எத்தனை வருஷத்துக்கு உறுதின்னும் எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

ஒரு எச்சரிக்கை, வேலைக்கு உத்தரவாதம்னு சொல்லி பணம் கட்டச் சொல்ற ட்ரெய்னிங் இடங்க இந்தத் துறையில நிறைய, குறிப்பா கிளினிக்கல் ரிசர்ச் பேர்ல. கட்டறதுக்கு முன்னாடி போன பேட்ச்ல படிச்ச மூணு பேரை நீங்களா தேடிப் பிடிச்சுக் கேளுங்க, அவங்க குடுக்கற நம்பர் வேண்டாம்.

முதல் வேலை கனவு வேலையா இருக்கணும்னு அவசியம் இல்ல, ஆனா ஒரு வருஷம் கழிச்சு அங்க இருந்து எந்தெந்தப் பக்கம் நகர முடியும்ங்கறதை மட்டும் சேர்றதுக்கு முன்னாடி பாருங்க. க்யூசில இருந்து க்யூஏ, ரெகுலேட்டரி போகலாம், கோஆர்டினேட்டர்ல இருந்து மானிட்டர் ஆகலாம், ரிசர்ச் டெக்னீஷியன்ல இருந்து அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் ஆகலாம். எந்தப் பக்கமும் கதவு இல்லாத வேலைன்னா, வெறும் டேட்டா என்ட்ரி மாதிரி, சம்பளம் கொஞ்சம் கூட இருந்தாலும் நான் வேண்டாம்னு தான் சொல்வேன். இன்டர்வியூ கடைசியில "ஏதாவது கேக்கணுமா"ன்னு கேப்பாங்கல்ல, அப்ப "இந்த இடத்துல இதுக்கு முன்னாடி இருந்தவங்க இப்ப என்ன பண்றாங்க"ன்னு கேளுங்க.