மீனுக்கு முன்னே தண்ணீர்: திருகோணமலை வீட்டில் முதல் மீன் தொட்டி

என் முதல் தொட்டியில் ஆறு தங்கமீன் விட்டேன். நாலாம் நாள் காலை இரண்டு மிதந்தன. அந்தக் கிழமை முடியுமுன் மிச்சமும் போய்விட்டன. தண்ணீரோ பளிங்கு போல இருந்தது. அம்மா கண்ணூறு என்றார், நான் கடைக்காரரைத் திட்டினேன். இரண்டு பேர் சொன்னதும் பிழை.

மீன் மூச்சுவிடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றும். கழிவும், தின்னாமல் கிடக்கும் தீனியும் அழுகினாலும் அதே அம்மோனியாதான். கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. குளத்தில் இதைத் தின்று தீர்க்கப் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சுதான், இரத்தம் ஒட்சிசனைக் காவ விடாது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு கெடுதி இல்லை, கிழமைக்கு ஒரு முறை கொஞ்சத் தண்ணீரை மாற்றினால் குறைந்துவிடும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு வகையும் கிடையாது. அவை பெருக நாலு முதல் ஆறு கிழமை வரை ஆகும். ஆகவே மீன் வாங்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. தொட்டியும் இடமும்

இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். இதைவிடச் சிறியது வேண்டாம். முட்ட நிரப்பினால் 56 லீற்றர் பிடிக்கும், அப்படியென்றால் தண்ணீர் மட்டும் 56 கிலோ. ஆடுகிற மேசையில் வைக்காதீர்கள். வெயில் விழும் ஜன்னலோரமும் வேண்டாம், பாசியும் பிடிக்கும், தண்ணீரும் கொதிக்கும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் பார்க்க வடிவுதான், ஆனால் தண்ணீர் குறைவு என்பதால் நஞ்சு சட்டென்று ஏறும்.

2. மணல்

ஆற்று மணலை வாளியில் போட்டு, கலங்கல் நிற்கும் வரை அலசுங்கள். உப்புவெளிக் கடற்கரையில் சிப்பியும் பவளத் துண்டும் பொறுக்கி வந்து போட எல்லோருக்கும் ஆசை வரும். அவை சுண்ணாம்பு, கரைந்து தண்ணீரின் கடினத்தை, அதாவது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவை, இன்னும் ஏற்றும். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது.

3. பில்டர்

காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பொஞ்ச் பில்டர் போதும். விலை குறைவு, பழுதாகவும் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பஞ்சுதான் பாக்டீரியாவின் வீடு. அழுக்காகிவிட்டதே என்று குழாயடியில் கழுவினால் குளோரின் பட்டு அவை செத்துப்போகலாம். தொட்டியிலிருந்து ஒரு சட்டி தண்ணீர் எடுத்து, அதிலேயே மெதுவாகப் பிழியுங்கள். சவர்க்காரம் கிட்டவே வரக் கூடாது.

4. எந்தத் தண்ணீர்?

வெளிநாட்டு வீடியோ பார்த்துத் தொட்டி வைப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நகரத்துக் குழாய்த் தண்ணீர் கந்தளாய்ப் பக்கமிருந்து சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் கலந்து வருகிறது. வாய் அகன்ற வாளியில் பிடித்து, காற்றுக் கல் (பம்பின் காற்றைக் குமிழியாக விடும் கல்) போட்டு ஒரு நாள் முழுக்க வையுங்கள். அவசரம் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு, போத்தலில் சொன்ன அளவுக்கு.

கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் கரையோரக் கிணறு பலதில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. சோதிக்கக் கருவி வேண்டாம். கேத்தலின் அடியில் வெள்ளைப் படலம் படிகிறதா, சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் உங்கள் தண்ணீர் கடினமானது.

அது குறை இல்லை. கப்பி, மொலி, பிளட்டி என்ற சின்ன மீன்கள் மூன்றுக்கும் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும், மொலி உவர்நீரையும் தாங்கும். அமேசன் பக்கத்து மென்னீரில் பிறந்த நியோன் டெட்ராவை வாங்கி, அதற்காகத் தண்ணீரோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. தண்ணீருக்கு ஏற்ற மீனை எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கடினத் தண்ணீரில் பெரும்பாலும் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) கூடுதலாக இருக்கும். பிஎச் 7இலிருந்து 8க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். சூடும் அதைக் கூட்டும். மென்னீர் உள்ள ஊர்க்காரர் செய்து தப்பிக்கிற பிழையில் நாம் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

5. மீன் இல்லாமல் ஒரு மாதம்

பில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். ஆமாம், வெறும் தொட்டிக்குத் தீனி. வீட்டார் சிரிப்பார்கள். அது அழுகி வரும் அம்மோனியாவைத் தின்றுதான் பாக்டீரியா பெருகும்.

இதைச் சுருக்க நல்ல வழி ஒன்று உண்டு. ஏற்கனவே மீன் வளர்ப்பவரிடம், அவருடைய பில்டரில் ஓடிய பஞ்சில் ஒரு துண்டு கேட்பது. நான் தங்கமீன்களைப் புதைத்துவிட்டுப் புலம்பியபோது, உவர்மலையில் இருக்கும் ஒரு அண்ணா தன் பில்டரில் ஒரு துண்டை வெட்டிப் பையில் போட்டுத் தந்தார். மண்ணிறமாய், நாற்றமாய் இருந்தது. "தம்பி, மீன் இருக்கட்டும், முதல்ல இதைக் கொண்டுபோ" என்றார். காயவிடாமல், அவருடைய தொட்டித் தண்ணீரிலேயே ஊறவைத்துக் கொண்டுவந்து என் பஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். இரண்டு கிழமைக்குள் பாக்டீரியா பெருகி, தொட்டி பழகிவிட்டது. தருபவரின் மீன்கள் நோயில்லாதவையா என்று மட்டும் பாருங்கள், இல்லையென்றால் நோயும் சேர்ந்து வரும்.

இப்படி ஒருவரைப் பிடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "மீன் சாகுது, என்ன செய்ய?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. தொட்டி எத்தனை லீற்றர், வைத்து எத்தனை நாள், எத்தனை மீன், கிணறா குழாயா, கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினீர்கள் என்பதோடு ஒரு படத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பழைய ஆட்கள் இப்படிக் கேட்பவருக்கு நள்ளிரவிலும் பதில் தருவார்கள்.

தொட்டி பழகிவிட்டதா என்று அறியச் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி நல்லது. முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அதன் பின்னால் நைட்ரைட் ஏறி இறங்கும். தீனி போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டும் பூச்சியமாகி, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் கடைக்குப் போகலாம். தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பது சாட்சியே இல்லை.

6. முதல் மீன்கள்

நாலு ஆண் கப்பி. அவ்வளவுதான். பெண் கப்பி சேர்த்தால் மாதத்துக்கு ஒரு தடவை குஞ்சு. தனியாக ஒரு பெண்ணை வாங்கினாலும் தப்ப முடியாது, கடையிலேயே கருத்தரித்திருக்கும், மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருக்கும். தங்கமீன் வேண்டாம், அது குளிர்ந்த நீர் மீன், கழிவும் அதிகம்.

கட்டிய பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு வாயைத் திறந்து உங்கள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் வாளிக்குப் போகட்டும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு தீனி போதும். கிழமைக்கு ஒரு வாளி, ஏறக்குறைய கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

7. நம்மூர் வெயிலும் கரண்டும்

ஹீட்டர் வாங்கச் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். இங்கே பிரச்சினை மறுபக்கம். 20 பாகை நீரில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும், 30 பாகையில் 7.5 அளவுதான். மே தொடங்கி ஆகஸ்ட் வரை, பகலில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் காரணம். மூடியை எடுத்துவிட்டு மேலே வலையால் மூடுங்கள், மேசை விசிறியை நீர்மட்டத்தைத் தடவும்படி திருப்புங்கள், இரண்டு பாகை இறங்கும். ஐஸ் கட்டி போட்டால் சூடு ஏறி இறங்கி மீன் இன்னும் கெடும். சுடுநீருக்குக் கன்னியாவில் ஏழு கிணறு இருக்கிறது, எட்டாவது நம் வீட்டு வரவேற்பறையில் தேவையில்லை.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் அரை மணிக்கு ஒரு தடவை குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கரண்ட் வரும்வரை தீனி கிடையாது.

8. வேண்டாத மீன்

"தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்று கடையில் ஒரு கறுப்பு மீன் தருவார்கள். அது ஓரடிக்கு மேல் வளரும், தொட்டி போதாமல் போகும். குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். இலங்கை நீர்நிலைகளில் அது ஏற்கனவே பரவி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாங்கிய கடையில் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். கப்பிக் குஞ்சு பெருகினால் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசலில் போத்தலோடு நிற்கும். குஞ்சைப் பிறகு கொடுக்கலாம், முதலில் உங்கள் பில்டர் பஞ்சில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து அனுப்புங்கள்.