எஸ்டிமேட் ஒரு தொகை, கடைசி பில் ஒரு தொகை: நடுவில் வீங்காமல் பார்ப்பது எப்படி

கடலூர் பக்கம் வடிகால், சிறுபாலம், சிமெண்ட் சாலை என்று சின்னச் சின்ன அரசு வேலைகளில் அளவு எடுத்தே வருடங்கள் ஓடிவிட்டன. வேலை முடிந்து பில் எகிறினால் ஊரில் "காண்ட்ராக்டர் அடிச்சுட்டான்" என்பார்கள். பல நேரம் அவர் எதையும் அடிக்க வேண்டியதே இல்லை, ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதிய எஸ்டிமேட்டே அவருக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும். புதிதாக வார்டு உறுப்பினராகவோ ஜே.இ.யாகவோ (இளநிலைப் பொறியாளர்) வந்திருந்தால் டெண்டர் விடுவதற்கு முன்புதான் உங்கள் கைக்கு வேலை.

முதலில் இடத்துக்குப் போய்க் குழி வெட்டிப் பாருங்கள். நம் கடலோரத்தில் பல இடங்களில் மூன்று நாலு அடியிலேயே தண்ணீர் ஊறும். அதிலும் மே மாதம் பார்த்த குழி வேறு, நவம்பரில் பார்க்கும் குழி வேறு. நானே ஒரு முறை உள்பகுதி ஊர் ஒன்றின் பழைய எஸ்டிமேட்டை அப்படியே எடுத்து, நீளத்தை மட்டும் மாற்றிக் கடலோர வடிகாலுக்குக் கொடுத்துவிட்டேன். தண்ணீர் இறைக்கப் போட்ட மணி நேரம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோனது.

அளவு தப்பினால் எல்1, அதாவது மிகக் குறைந்த தொகை கேட்டு வேலையைப் பெறுபவர் யார் என்பது கூடத் தப்பிவிடும். ஒரு கணக்குக்கு, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ரேட் போடும் ஐட்டம் ரேட் டெண்டர் ஒன்றில் மண் தோண்டுதல் 500 கன மீட்டர், தண்ணீர் இறைப்பு 20 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் மண்ணுக்கு 200 ரூபாய், இறைப்புக்கு மணிக்கு 400 ரூபாய் போடுகிறார், மொத்தம் 1,08,000. இரண்டாவது ஆள் 180, 800 என்று போடுகிறார், மொத்தம் 1,06,000. வேலை இவருக்குத்தான். ஆனால் உண்மையில் 200 மணி நேரம் இறைக்க வேண்டி வந்தால்? முதல் ஆளிடம் 1,80,000-இல் முடிந்திருக்கும், இவரிடம் 2,50,000. இரண்டாவது ஆள் திருடவில்லை, நம்மைவிட நன்றாக இடத்தைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். எந்த ஐட்டத்தில் ரேட் வழக்கத்துக்கு மாறாக ஏறி நிற்கிறதோ, அந்த ஐட்டத்தின் அளவைத்தான் ஒர்க் ஆர்டர் கொடுப்பதற்குள் திரும்பச் சரிபார்க்க வேண்டும். ரேட் ரொம்பக் குறைவாக இருந்தாலும் சந்தோஷப்படாதீர்கள், எப்படிக் கட்டுப்படியாகும் என்று கணக்கு கேளுங்கள்.

லீட்டையும், அதாவது பொருள் ஏற்றி வரும் தூரத்தையும் பாருங்கள். ஜல்லி எந்தக் குவாரியிலிருந்து, எத்தனை கிலோமீட்டர் என்பதை ஒரு தடவை வண்டியில் போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

அப்புறம் இடம். வடிகால் போகும் வழியில் மின்கம்பம், குடிநீர்க் குழாய், யாருடைய திண்ணையாவது இருந்தால் அதை நகர்த்தாமல் ஒர்க் ஆர்டர் கொடுக்காதீர்கள். நம்மால் தாமதமானால் விலை ஏற்றம், கால நீட்டிப்பு எல்லாம் காண்ட்ராக்டர் கேட்பார், கேட்பதில் நியாயமும் இருக்கும். எந்தத் தேதியில் யாரால் வேலை நின்றது என்று அன்றன்றே பதிவேட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியில் பள்ளம் தோண்ட ஆரம்பிப்பது, நம் ஊரில், பணத்தைத் தண்ணீரில் போடுவதற்குச் சமம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்து தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்ததே, அப்படி ஒரு வாரம் வந்தால் திறந்து கிடக்கும் பள்ளம் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வேலை தொடங்கும் அன்று, மண்வெட்டி விழுவதற்கு முன், தரைமட்ட லெவல் எடுத்து எம் புக்கில் (அளவுப் புத்தகம்) ஏற்றிவிடுங்கள். தோண்டி முடித்து மூடிய பிறகு எவ்வளவு மண் எடுத்தார்கள் என்பதற்கு வாய்வார்த்தைதான் மிஞ்சும். எம் புக்கில் மேலெழுதல் கூடாது. தப்பானால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம்.

ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலை, அதாவது எக்ஸ்ட்ரா ஐட்டம்தான் பெரிய ஓட்டை. "செய்யுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று நின்ற இடத்திலேயே சொல்வது ரொம்ப விலை உயர்ந்த வாக்கியம். கேட்டது கவுன்சிலரானாலும் சரி, மேலதிகாரியானாலும் சரி, என்ன வேலை, எவ்வளவு அளவு, எந்த ரேட், பணம் எங்கிருந்து என்ற நாலும் எழுத்தில் வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். புதுச்சேரிக்காரர்கள் மத்திய அரசின் பொது நிதி விதிகளான ஜி.எஃப்.ஆர். 2017-ஐப் புரட்டிப் பாருங்கள், அனுமதியும் விரிவான எஸ்டிமேட்டும் நிதியும் இல்லாமல் வேலையே தொடங்கக் கூடாது என்கிறது. கடலூரில் டெண்டருக்குத் தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது.

விலை மாற்றம் இரண்டு பக்கமும் ஓடும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. ஒப்பந்தத்தில் வரி மாறினால் தொகையும் மாறும் என்ற ஷரத்து இருந்தால், ஏறும்போது கொடுத்ததைப் போல இறங்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். இதைக் காண்ட்ராக்டர் ஞாபகப்படுத்த மாட்டார்.

பதவி எதுவும் இல்லாத ஊர்க்காரர் என்றால், தகவல் உரிமைச் சட்டம் 2005 பதில் கடிதத்துக்கு மட்டுமானதில்லை. வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், எம் புக்கைப் படிக்கவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் கேட்கலாம். பதில் தர 30 நாள் இருக்கிறது, அதனால் கான்கிரீட் காய்வதற்கு முன்பே மனு போடுங்கள்.