உருண்டையாக இருந்தால் எல்லாம் கோபுரமா?

மத்தியப் பிரதேசத்துச் சாஞ்சித் தூபியின் படத்துக்குக் கீழே 'புத்த கோபுரம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தாலே எனக்கு மனசு கேட்பதில்லை. கோபுரம் என்றால் வாசலுக்கு மேலே எழும்புவது. கருவறைக்கு மேலே இருந்தால் விமானம். தஞ்சாவூரில் 216 அடிக்கு நிற்கிறதே, 1010-இல் இராசராசன் கட்டி முடித்தது, அது விமானம். அதன் உச்சியில் குவிந்த பகுதி மட்டும்தான் நமக்குச் சிகரம், வடக்கே கருவறை மேல் எழும் மொத்தக் கட்டடத்துக்குமே அந்தப் பெயர், மொழிபெயர்க்கிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

சரி, தூபிக்கு வருவோம். பழைய பௌத்த நூல்களின் பாலி மொழியில் தூப, வடமொழியில் ஸ்தூப. குவியல், மேடு என்று பொருள். அதனால்தான் சாஞ்சியில் உள்ளே போக வழி தேடினால் கிடைக்காது, சுற்றித்தான் வர வேண்டும். சாம்பிராணிப் புகையான தூபத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இலங்கையில் இதையே தாகபை என்கிறார்கள். பாலியின் தாதுகப்ப தேய்ந்து வந்த சொல். இங்கே தாது என்பது கனிமம் இல்லை, புத்தருடையதோ அடியார்களுடையதோ ஆன எலும்பு, சாம்பல் போன்ற எச்சம். கப்ப என்பது நம் கர்ப்பமேதான், கருவறையைக் கர்ப்பக்கிருகம் என்கிறோமே அதே கர்ப்பம். அநுராதபுரத்து ஜேதவனத் தூபி ஒருகாலத்தில் ஏறக்குறைய 122 மீட்டர் உயர்ந்து நின்ற செங்கல் மலை, யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் இருப்பவையோ கிட்டக் கிட்ட நிற்கும் குட்டித் தூபிகள். அளவு எதுவானாலும் பெயர் மாறாது. அப்புறம், கோயில் உச்சிக் கலசத்தையும் ஸ்தூபி என்பதுண்டு, இரண்டையும் குழப்ப வேண்டாம்.

உருண்டைக் கூரையான கும்மட்டத்தின் பெயர் கும்பத்திலிருந்து, அதாவது குடத்திலிருந்து, வந்ததாகச் சொல்வதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. குடத்தைக் கவிழ்த்த மாதிரி இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான், ஆனால் அது பாரசீகச் சொல்லான கும்பத் (gumbad), உருது வழியாக நம்மிடம் வந்தது. தூபி போல் நிரப்பிய மேடு இல்லை இது, உள்ளே வெறும் கூடு. பீஜாப்பூரில் கோல் கும்பஸ் என்னும் கல்லறை மாளிகையில் 44 மீட்டர் அகலக் கும்மட்டத்துக்குக் கீழே ஒரு தூண்கூடக் கிடையாது, மேல்மாடத்தில் ஓரமாக நின்று மெதுவாகப் பேசினால் எதிர்ப்பக்கம் தெளிவாகக் கேட்கும்.

இத்தாலியின் துவோமோவை, கும்மட்டத்தின் இன்னொரு பெயரான 'குவிமாடம்' என்று எழுதுவதும் தவறு. அது வீடு என்னும் லத்தீன் தோமுஸிலிருந்து வந்தது, இறைவனின் வீடு, அதாவது பேராலயம். ஆங்கிலத்தின் டோம் அதிலிருந்து கிளைத்து, பிறகு கூரையின் பெயரானது. பிளாரன்ஸ் பேராலயத்தின் மேல் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி எழுப்பி 1436-இல் முடிந்த செங்கல் குவிமாடத்தை இத்தாலியர்கள் குப்போலா என்கிறார்கள்.