தொடர்புடைய கட்டுரைகளைக் காட்டும் டெம்ப்ளேட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கட்டுரையைக் கடைசி வரி வரை படித்து முடித்த வாசகரிடம் 'தொடர்புடைய கட்டுரைகள்' என்று தலைப்பிட்டு எதையேனும் நீட்டும்போது, அது உண்மையிலேயே தொடர்புடையதாக இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் தளத்தில் பிளகின் (கூடுதல் வசதி தரும் செருகுநிரல்) எதையும் நாடாமல், சொந்த டெம்ப்ளேட் (பக்கத்தின் அமைப்பை வகுக்கும் கோப்பு) எழுதி இதைச் செய்வது சில வரிகளில் முடிகிற வேலைதான். ஆனால் அந்தச் சில வரிகளில் நேரும் பிழைகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே அவை நெடுநாள் திருத்தப்படாமலே கிடக்கின்றன.

அவற்றுள் மிக மோசமானது, பட்டியலுக்கான கட்டுரைகளை எடுக்கும் சுற்று முடிந்தபின் பழைய நிலைக்குத் திரும்பாமல் விடுவது. புதிய குவெரி (டேட்டாபேஸிடம் கட்டுரைகளைக் கேட்கும் கோரிக்கை) ஒன்றை ஓட்டி ஒவ்வொரு கட்டுரையாக எடுக்கும்போது, 'இப்போது திறந்திருக்கும் கட்டுரை எது' என்று வேர்ட்பிரஸ் குறித்து வைத்திருக்கும் பொது மாறி, பட்டியலின் கடைசிக் கட்டுரையில் போய் நின்றுவிடுகிறது. 'ரீசெட் போஸ்ட்டேட்டா' ஃபங்ஷனை அழைத்து அதை மீட்காவிட்டால், பட்டியலுக்குக் கீழே வருவன எல்லாம் வேறொரு கட்டுரைக்குரியவை ஆகிவிடும். நான் பராமரித்த ஒரு தளத்தில் பின்னூட்டப் பெட்டி அந்தப் பட்டியலுக்குக் கீழே இருந்தது. வாசகர் ஒருவர் தாம் படித்த கட்டுரையைப் பற்றிக் கேட்டிருந்த சந்தேகம், பட்டியலில் கடைசியாக இருந்த கட்டுரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பக்கத்தின் தோற்றத்தில் எந்தக் குறையும் இல்லாததால், காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் முழுவதும் பிடித்தது.

அடுத்தது, தொடர்பைத் தீர்மானிக்கும் முறை. பிரிவை மட்டும் நம்பினால், பிரிவே தேர்வு செய்யப்படாமல் இயல்புப் பிரிவில் விழுந்த கட்டுரைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று உறவு கொண்டாடத் தொடங்கிவிடும். குறிச்சொற்களை முதலில் பார்த்து, போதிய கட்டுரைகள் கிடைக்காதபோது மட்டும் பிரிவுக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து. இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு: குறிச்சொல்லே இல்லாத கட்டுரையில் குறிச்சொற்களின் பட்டியல் வெறுமையாகக் குவெரிக்குப் போனால், வேர்ட்பிரஸ் அந்த நிபந்தனையையே கைவிட்டுவிட்டுத் தளத்தின் அண்மைக் கட்டுரைகளை எடுத்துக் கொடுத்துவிடும். பெட்டி நிறைந்திருப்பதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். எனவே குறிச்சொற்களின் பட்டியல் வெறுமையா என்று முன்னதாகவே சோதிக்க வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் கட்டுரையின் எண்ணை விலக்கவும் மறக்கக் கூடாது. மறந்தால் அதே கட்டுரை மீண்டும் பரிந்துரையாக வந்து நிற்கும்.

ஒவ்வொரு முறையும் புதிதாகத் தோன்றட்டும் என்று வரிசையை 'ரேண்ட்' என்று வைப்பவர்கள் பலர். பொருந்தும் கட்டுரைகள் அனைத்துக்கும் தற்செயல் எண் கொடுத்து வரிசைப்படுத்திய பிறகே டேட்டாபேஸ் நமக்கு வேண்டிய 3 அல்லது 4 கட்டுரைகளைத் தருகிறது. கட்டுரைகள் பெருகப் பெருக இந்தச் சுமையும் பெருகும். பக்கம் பக்கமாகப் பிரிக்கும் தேவை இல்லாத இடத்தில், மொத்த எண்ணிக்கையைக் கணக்கிடாமலிருக்க 'நோ ஃபவுண்ட் ரோஸ்' என்ற குவெரி அமைப்பை இயக்கிவிடலாம்.

வேகத்துக்காக முடிவைச் சேமித்து வைப்பவர்கள், கட்டுரையின் நிலை 'வெளியிடப்பட்டது' என்று குவெரியிலேயே வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால், உள்நுழைந்திருக்கும் நிர்வாகிக்குத் தனிப்பட்ட கட்டுரைகளும் பட்டியலில் சேர்ந்துவரும். அந்த நேரத்தில் சேமிக்கப்பட்ட பட்டியல் பிறகு எல்லோருக்கும் காட்டப்படும்போது, மறைத்து வைத்த கட்டுரையின் தலைப்பு வெளியே வந்துவிடும்.

படங்களைப் பொறுத்தவரை, சிறு பெட்டிக்குள் முழு அளவுப் படத்தை ஏற்றாமல் அதற்கேற்ற சிறுபட அளவைக் கேட்டு வாங்க வேண்டும். கட்டுரை எதுவும் கிடைக்காத பக்கத்தில் தலைப்பு மட்டும் தனியே நிற்காதபடி, 'கட்டுரைகள் கிடைத்தால் மட்டும் காட்டு' என்ற நிபந்தனைக்குள்ளேயே தலைப்பையும் எழுத வேண்டும்.

இவை அனைத்தையும் தீமின் (தளத்தின் தோற்றத்தை வகுக்கும் தொகுப்பின்) மூலக் கோப்பில் எழுதாமல், அதைச் சார்ந்து தனியே இயங்கும் சைல்டு தீமில் எழுதுங்கள். இல்லாவிட்டால் தீம் புதுப்பிக்கப்படும் நாளில் உங்கள் வரிகள் அத்தனையும் அழிந்துவிடும். எழுதி முடித்ததும், தளத்திலிருந்து வெளியேறிய நிலையில், குறிச்சொல் இல்லாத ஒரு கட்டுரையைத் திறந்து, அதன் கீழே ஒரு பின்னூட்டத்தை இட்டு, அது எந்தக் கட்டுரைக்குப் போய்ச் சேருகிறது என்று பாருங்கள்.